முதல் படகுக்கு முந்தைய இரவு: எல்லைக் கிராமத்தினருக்குத் தங்குமிடம் எங்கே?

புதுதில்லி: நாடாளுமன்றம் 1956-ல் நிறைவேற்றிய மாநில மறுசீரமைப்புச் சட்டத்தால் கன்னியாகுமரி தமிழகத்துடன் இணைந்தது, பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. எல்லை பிரிந்தாலும் குமரிக்கு வரும் பயணம் நிற்கவில்லை.

சூரிய உதயம் கண்டு, விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் பூம்புகார் கப்பல் கழகத்தின் முதல் படகைப் பிடிக்க விரும்புவோர் முந்தைய இரவே வந்துவிட வேண்டும். சபரிமலை சீசனில் குறைந்த வாடகைக்கு அறை கிடைப்பது அரிது. விவேகானந்த கேந்திர வளாகத்தில் தங்கும் வசதி உண்டு. அதற்கும் முன்பதிவு செய்துகொள்வதே நல்லது. ரயில்வே ஓய்வறையை இணையவழியில் பெற பி.என்.ஆர். எண் தேவை. முன்பதிவில்லாப் பெட்டியில் குறுகிய தூரம் வருவோரிடம் அது இராது.

படகு மாநில அரசு நிறுவனத்துடையது. ரயில் நிலையம் மத்திய அரசினுடையது. இடைப்பட்ட ஓர் இரவுக்கு, எளியோருக்கான கூரையை அமைக்க இரண்டில் ஒன்று முன்வர வேண்டும்.