பனியே பார்க்காத மணலியிலிருந்து...



முதல் செமஸ்டரில் ஊர்ப் பெயரைச் சொன்னதும், "ஓ, பனி கொட்டுமே!" என்று கிண்டல் செய்தீர்கள். அது இமாசலத்து மனாலி. நம்ம மணலியில் கொட்டுவது கன்டெய்னர் லாரிப் புழுதிதான். இருந்தாலும் பனி விளையாட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். காரணம் என் அப்பா.

லோடு இறக்கும்போது இடது காலை இழந்தவர் அவர். 2022 மார்ச்சில் பெய்ஜிங் குளிர்கால பாராலிம்பிக்கை டிவியில் பார்த்தோம். உட்கார்ந்தபடியே ஒருவர் பனிமலையில் பறந்து வந்தார். "காலே இல்லாம எப்படிடா இந்த வேகம் போறான்?" என்று அப்பா கேட்டார். எட்டாவது படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்த பிறகுதான் புரிந்தது.

1948-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன், முதுகுத்தண்டு அடிபட்ட 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அது வளர்ந்து 1960-ல் ரோமில் முதல் பாராலிம்பிக் ஆனது. பனிக்கு இன்னும் 16 வருஷம் ஆனது. 1976-ல் சுவீடனின் ஒர்ன்ஷோல்ட்ஸ்விக் நகரில் 16 நாடுகள் கூடின. கை, கால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் பனிச்சறுக்கில் கலந்துகொண்டார்கள். 1988-ல் உட்கார்ந்து சறுக்கும் போட்டி வந்தது. 1992 முதல் குளிர்கால ஒலிம்பிக் நடக்கும் இடத்திலேயே இதுவும் நடக்கிறது. 1998-ல் ஜப்பானின் நகானோவுக்கு வந்தபோது ஆசியா முதன்முறையாக இதை நடத்தியது.

இனி அப்பாவின் கேள்விக்கு வருவோம். உடம்புக்குப் பொருத்தமான ஒரு சீட், அதன் கீழே ஒரு ஃபிரேம், பைக்கில் இருப்பது போல ஒரு ஷாக் அப்சார்பர், அடியில் ஒரே ஒரு சறுக்குப் பலகை. பேலன்ஸுக்குக் கையில் இரண்டு குட்டிப் பலகைகள். அவ்வளவுதான்! மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டிப் போகிறார்கள். பார்வையற்றவர்களுக்கு முன்னால் ஒரு வழிகாட்டி சறுக்கிக்கொண்டே குரல் கொடுப்பார். துப்பாக்கி சுடும்போது குறி நெருங்க நெருங்க காதில் சத்தம் மாறும். குறைபாட்டின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், எடுத்த நேரத்தை ஒரு எண்ணால் பெருக்கித்தான் வெற்றியை முடிவு செய்கிறார்கள்.

'நமக்கும் இதுக்கும் என்னப்பா?' என்று கேட்காதீர்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காக 2025-ல் இத்தாலியின் டூரினில் நடந்த ஸ்பெஷல் ஒலிம்பிக் குளிர்காலப் போட்டியில் இந்தியா 33 பதக்கம் வாங்கியது. பனி இல்லாத போட்டியில் நம்மவர்களைக் கேட்கவே வேண்டாம். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். நம்ம பக்கத்துத் திருவள்ளூர் மனிஷா ராமதாஸ் 2024-ல் பாரிஸில் பேட்மின்டனில் வெண்கலம் வென்றார்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஷாக் அப்சார்பர் என் வண்டிக்கு வருமாடா?" என்றார்.

அவருடைய மூணு சக்கர வண்டி மணலி ரோட்டுப் பள்ளத்தில் குதிக்கும்போது இடுப்பே கழன்றுவிடும். எனவே என் இறுதியாண்டு புராஜெக்ட் அதுதான். வெல்டிங் தெரிந்த நண்பர்கள் வந்து சேருங்கள். படித்த படிப்பு முதலில் வீட்டு வாசலில் ஓடட்டும்!

- இரண்டாமாண்டு, இயந்திரவியல் பிரிவு