ஈயச் சொம்பும் ஈயக் கரண்டியும்

"ஈயத்திலா ரசம் வைக்கிறீர்கள்? அது லெட் இல்லையா, விஷமாச்சே!" டாலிகஞ்சில் என் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. நாம் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவர்கள் பாஷையில் முன்னது ராங், பின்னது சீசா; தகராறே இல்லை. நம் சொம்பு வெள்ளீயம்.

வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடும். அடுப்பு ஜுவாலையோ அதைவிடப் பல மடங்கு சூடு. ஆனாலும் உள்ளே தண்ணீர் கொதிக்கும்வரை சொம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதனால்தான் முதலில் புளித்தண்ணீர், அப்புறம் அடுப்பு என்று பாட்டிமார் அடித்துச் சொன்னார்கள். காலிச் சொம்பை வைத்துவிட்டு போன் பேசப் போனால், திரும்பி வருவதற்குள் பர்னர் மேல் வெள்ளிக் குழம்புதான்!

இந்தச் சுலபத்தில் உருகும் குணத்தையே 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் உபயோகப்படுத்திக்கொண்டார்கள். அவர்களுடைய கரண்டி பியூட்டர். பெரும்பகுதி வெள்ளீயம், கொஞ்சம் செம்பு, ஆண்டிமனி, பல சமயம் காரீயமும். மெத்தென்ற உலோகமாதலால் காம்பு அடிக்கடி ஒடியும். தூக்கி எறிய மனசு வருமா? வெள்ளீயம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். ஆகவே ஒடிந்ததைக் கணப்பு நெருப்பில் உருக்கி, இரண்டு பாதியாகத் திறக்கும் வெண்கல அச்சில் ஊற்றுவார்கள். அச்சை முன்னதாகவே சூடாக்கவேண்டும். இல்லாவிட்டால் உலோகம் காம்பு நுனிவரை ஓடாமல் பாதியில் உறைந்துவிடும். ஆறியதும் பிசிறைச் சீவினால் புதுக் கரண்டி. நம் ஊரில் பழைய சொம்பை எடைக்குப் போட்டுப் புதுசு வாங்குவதும் இதே கணக்குத்தான்.

ஆனால் உருக்கும்போது மலிவான காரீயம் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் கெடுக்கும். சுத்த வெள்ளீயத்தை வளைத்தால் கரகரவென்று சத்தம் வரும் என்பது உண்மையே. அதற்காகச் சத்தத்தை மட்டும் நம்பிவிடக்கூடாது. சொற்பக் கலப்பை ஆய்வுக்கூடம்தான் கண்டுபிடிக்கும். சந்தேகமான சொம்பை, பாட்டி கொடுத்ததானாலும், அலமாரியில் வைத்துவிடலாம்.

இன்னொன்று. ஓட்டை விழுந்த சொம்பை ரேடியோ ரிப்பேர் கடையில் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள். அந்தக் கம்பியில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும்.