பாலில்லை, சீனியில்லை, கஃபீன் இல்லை: சூடாக என்ன குடிக்கலாம்?

தேக்கா நிலையத்து உணவங்காடியில் எந்தப் பானக் கடையின் பலகையை அண்ணாந்து பார்த்தாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். கோப்பி, கோப்பி ஓ, கோப்பி சி, தே, தே ஓ, தே தாரிக், தே ஹாலியா, மைலோ, ஹார்லிக்ஸ். பால் ஆகாது, சீனி கூடாது, கஃபீனும் வேண்டாம் என்று ஒருவர் வந்து நின்றால் அவருக்குப் பலகையில் மிஞ்சுவது சுடுதண்ணீர்தான்.

அப்படி வந்து நிற்கிறவர்கள் இன்று குறைவில்லை. இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது சிங்கப்பூரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. வயதாக ஆகப் பலருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிப்பதில்லை. தூக்கம் கெட்டவர்கள், நெஞ்செரிச்சல்காரர்கள், கர்ப்பிணிகள் என்று கஃபீனைக் குறைக்க வேண்டியவர்களும் நிறைய. எனக்கு ஐம்பதைத் தாண்டியதும் மூன்றும் சேர்ந்தே வந்தன. சர்க்கரை எல்லையில் நிற்கிறது, பால் குடித்தால் வயிறு உப்புகிறது, மாலையில் கோப்பி குடித்தால் நள்ளிரவுவரை கண் மூடுவதில்லை. பலதுறை மருந்தக மருத்துவர் மூன்றையும் நிறுத்திப் பாருங்கள் என்றார்.

வெயில் ஊரில் சூடான பானம் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை வந்து உட்கார வேண்டும். குளிரூட்டிக்குக் கீழே நாள் முழுக்கக் கணக்குப் பார்க்கிறவளுக்கு மாலை நான்கு மணிக்குக் கையில் சூடாக ஒரு குவளை வேண்டும். வெந்நீர் தாகத்தைத் தீர்க்கும், ஆனால் குடித்த நிறைவைத் தராது. அந்த நிறைவைத் தேடி இந்த ஊரின் எல்லாச் சமையலறைகளையும் எட்டிப் பார்த்தேன். தேடியது கிடைத்தது.

பாலும் சீனியும் ஒளிந்திருக்கும் இடங்கள்

லிட்டில் இந்தியா பாலால் வளர்ந்த பேட்டை. கண்டாங் கெர்பாவ் என்ற பழைய பெயரும் இன்றைய பஃப்ளோ சாலையும் அங்கிருந்த எருமைத் தொழுவங்களின் நினைவுகள். இந்தியப் பால்காரர்கள் மாடு வளர்த்து வீடுவீடாகப் பால் ஊற்றிய இடம் அது. பிறகு தகரக் குவளைப் பால் வந்தது. கோப்பியில் ஊற்றுவது இனிப்பூட்டிக் காய்ச்சிய பால், அதில் பாலும் சீனியும் சேர்ந்தே இருக்கின்றன. ‘சி’ என்றால் இனிப்பில்லாத கெட்டிப் பால், ஆனால் சீனியைத் தனியாகப் போடுவார்கள். ‘ஓ’ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. ‘கோசோங்’ என்றால்தான் சீனி இல்லை. ஆகவே பாலும் சீனியும் வேண்டாதவர் கேட்க வேண்டியது கோப்பி ஓ கோசோங் அல்லது தே ஓ கோசோங்.

அதிலும் கஃபீன் அப்படியே இருக்கிறது. காப்பிக்கடைகளில் பெரும்பாலும் போடுவது ரோபஸ்டா வகைக் கொட்டை. அரபிகாவைவிட அதில் கஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு. பழைய முறையில் அந்தக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துத்தான் வறுப்பார்கள். பெரியவர்களின் உடலில் கஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 9 மணிக்கும் உடலில் சுற்றிக்கொண்டிருக்கும். கிரீன் டீ, மட்சா, ஹோஜிச்சா எல்லாமே தேயிலைதான் என்பதால் அவற்றிலும் கஃபீன் உண்டு. மைலோவில் பால், சீனியோடு கோக்கோ வழியாகச் சிறிது கஃபீனும் சேர்கிறது. கஃபீன் நீக்கிய காப்பியிலும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் தரக்குறி உண்டு. 2023 டிசம்பர் 30 முதல் பெரிய கடைகள் அங்கேயே தயாரித்துக் கொடுக்கும் பானங்களுக்கும் அது வந்துவிட்டது. 100 மில்லிலிட்டரில் சீனி 1 கிராமுக்கு மேல் போகாமலும் இனிப்பூட்டி சேர்க்காமலும் இருந்தால்தான் ‘ஏ’ கிடைக்கும். 10 கிராமைத் தாண்டினால் ‘டி’. மிகவும் உதவியான ஏற்பாடு. ஆனால் அது பார்ப்பது சீனியையும் நிறைகொழுப்பையும்தான், கஃபீனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ‘த்ரீ இன் ஒன்’ பொட்டலம் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். பாலில்லாக் கிரீமர் என்று போட்டிருக்கும் பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும், அது பாலிலிருந்து எடுத்த புரதம். உடனடி இஞ்சித் தூள், உடனடிச் சாமந்தித் தூள் பொட்டலங்களில் பலவற்றில் முதலில் நிற்பது சீனி. ஓட்ஸ் பாலில் சீனியே சேர்க்காவிட்டாலும், தயாரிக்கும்போது மாவுச்சத்து உடைந்து மால்டோஸ் என்ற சர்க்கரையாகிறது.

நாக்குக்கு என்ன வேண்டும்

கோப்பியை விட்ட பிறகுதான் அதில் எதைத் தேடினோம் என்பது தெரிகிறது. எனக்குத் தெரிந்தவை நான்கு: மூக்கில் ஏறும் வாசம், தொண்டையில் இறங்கும் காரமோ கசப்போ, நாக்கில் தங்கும் கெட்டி, கடைசியில் நிற்கும் மெல்லிய இனிப்பு. ஒரே பானத்தில் நான்கும் கிடைக்காது. இரண்டு கிடைத்தாலே மனம் அடங்கிவிடுகிறது. புதினா இலையையோ எலுமிச்சைத் துண்டையோ வெந்நீரில் போட்டு ஏமாந்தவர்கள் கோப்பிக்கே திரும்பிவிடுவதற்குக் காரணம், அதில் வாசம் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாததுதான்.

காரத்துக்குச் சுக்கு. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளிலிருந்து வருகிறது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி ஷோகால் என்ற இன்னும் காரமான பொருளாக மாறும். சூட்டை உணரும் அதே நரம்பு முனைகளைத்தான் இவை தட்டுகின்றன. அதனால்தான் சுக்கு நீர் ஆறிய பிறகும் தொண்டையில் சூடாக இருக்கிறது.

என் மாமியார் யாழ்ப்பாணத்தவர். காய்ச்சல், தடிமன் என்றால் அந்த வீட்டில் கொத்தமல்லி அவிப்பார்கள். நான் கோப்பியை விட்டதும் அவர்தான் அடுப்படிக்குக் கூப்பிட்டார். “இஞ்ச வா பிள்ளை, மல்லியைச் சும்மா அவிச்சால் மருந்து மாதிரி இருக்கும். நல்லா வறுத்துப்போட்டு அவி, கோப்பி மாதிரி வரும்” என்றார்.

அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 100 கிராம் மல்லியை அடிகனமான சட்டியில், சின்னத் தீயில், கைவிடாமல் வறுத்தார். முதலில் எலுமிச்சை போன்ற வாசம் எழுந்தது. அது அடங்கி, கடலை வறுபடும் வாசம் வந்தபோதும் அவர் இறக்கவில்லை. விதைகள் ஒன்றிரண்டு வெடித்து, நிறம் புளியங்கொட்டைக்குப் போனபோதுதான் தட்டில் கொட்டினார். அதே சட்டிச் சூட்டில் ஒரு தேக்கரண்டி மிளகையும் ஆறு ஏலக்காயையும் புரட்டினார். 25 கிராம் சுக்கைத் தோல் சீவி இடித்து, எல்லாவற்றையும் கொரகொரப்பாக அரைத்தார். ஒன்றரைக் குவளை தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி நிறையத் தூள். ஒரு குவளையாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டினார். கருப்பட்டி டப்பா பக்கம் அவர் கை போகவில்லை, ஒரு சிட்டிகை உப்பைத்தான் போட்டார். உப்பு கசப்பை அமுக்கும், இனிப்பு இல்லாத குறை தெரியாது. இன்னும் இனிப்பு வேண்டுமென்றால் கொதிக்கும்போது ஒரு துண்டு பட்டை.

கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் ‘இயற்கை’ என்பதால் ஆகும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது சீனியிலிருக்கும் அதே சர்க்கரை. சர்க்கரை நோயாளிக்கு அதுவும் சீனிதான்.

வறுத்த வாசத்துக்குப் பார்லி. காப்பிக்கடைப் பார்லித் தண்ணீர் இனிப்பானது, அதை விடுங்கள். மளிகைக்கடைப் பார்லி அரிசியைக் கோப்பி நிறம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க வையுங்கள். ஜப்பானில் இது முகிச்சா, கொரியாவில் போரிச்சா. குழந்தைகள் முதல் கிழவர்கள்வரை குடிக்கிறார்கள். சிங்கப்பூரில் ஜப்பானிய, கொரியக் கடைகளில் தேநீர்ப் பைகளாகவே கிடைக்கிறது, அலுவலகத்துக்கு வசதி. கோதுமையிலுள்ள குளூட்டன் ஆகாதவர்களுக்குப் பார்லியும் ஆகாது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். வடிகட்டிக் காப்பி குடித்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு வழி சிக்கரி. காப்பித் தூளில் கலப்பார்களே, அதே வேர்தான். அதில் கஃபீன் கிடையாது. தனிச் சிக்கரித் தூளை வடிகட்டியில் போட்டு டிகாஷன் இறக்கினால் நிறமும் கசப்பும் அப்படியே வரும். காப்பிக்கு மாற்றாகத் தானியத்தை வறுப்பது உலகெங்கும் நடந்த வேலை. அமெரிக்காவில் சி. டபிள்யூ. போஸ்ட் 1895இல் கோதுமையை வறுத்து ‘போஸ்டம்’ என்று விற்றார்.

சீனியில்லா இனிப்புக்குச் சீன மருந்துக்கடை. லோ ஹான் குவோ என்று கேளுங்கள். கோழிமுட்டை அளவில், பழுப்பு ஓட்டோடு, கையில் எடுத்தால் கனமே இல்லாத காய்ந்த பழம். உடைத்து ஒரு பானைத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் போதும். அதன் இனிப்பு பெரும்பாலும் மோக்ரோசைடு என்ற பொருளால் வருவது, இரத்தச் சர்க்கரையை ஏற்றாது. என் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி அதோடு காய்ந்த சாமந்திப் பூவும் சேர்ப்பார். பேரீச்சைபோல் இனிக்கும் சிவப்பு இலந்தையும் லோங்கனும் அப்படியல்ல, அவற்றில் பழச்சர்க்கரை நிறைய உண்டு.

கெட்டிக்குச் சோயாப் பால். தாவ் ஹுவே கடைகளில் சூடாகக் கிடைக்கும், சீனி வேண்டாம் என்று முன்பே சொல்ல வேண்டும். வீட்டில் என்றால் ஒரு கரண்டித் தேங்காய்ப்பாலைச் சுக்கு மல்லியில் ஊற்றலாம். நிறைகொழுப்பு அதிகம் என்பதால் தினமும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பானம் என்றாலே இனிக்க வேண்டும் என்ற பழக்கத்தை விட்டால் நமக்கு ரசம் இருக்கிறது. மிளகு, சீரகம், புளி, பூண்டு என்று வாசம், காரம், உப்பு, புளிப்பு நான்கும் அதில் உண்டு. நான் போகும் சைவ உணவகத்தில் சாப்பாடு வேண்டாம், ரசம் மட்டும் டம்ளரில் என்றால் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து வைக்கிறார்கள். மழை நாளில் அதற்கு ஈடு எந்தக் கோப்பியும் இல்லை.

கடையில் கேட்கும் விதம்

தே ஹாலியா போடும் கடையில் இஞ்சி எப்போதும் இருக்கும். அதை நம்பித்தான் ஒரு நாள் கேட்டேன்.

“அண்ணே, இஞ்சி மட்டும் சுடுதண்ணியில போட்டுத் தாங்க. தேத்தூள், பால், சீனி எதுவும் வேணாம். இஞ்சியில சீனி கலந்திருக்கா?”

“இல்லக்கா, இது சும்மா இடிச்ச இஞ்சிதான். வெறுமனே குடிச்சா காரமா இருக்குமே?”

“காரந்தான் வேணும்ணே.”

அவர் இஞ்சியைத் துணி வடிகட்டியில் போட்டு, கொதிநீரைப் பொறுமையாக அதன்மேல் ஊற்றினார். தே தாரிக் ஆற்றும் பழக்கத்தில் அதையும் இரு குவளைகளுக்கிடையே இழுத்து ஆற்றினார். இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் “ஹாலியா கோசோங்கா அக்கா?” என்கிறார்.

அவர் ஆற்றித் தருவதில் ஒரு நன்மையும் உண்டு. 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் வகைப்படுத்தியது. நம் ஊர் ஆற்றிக் குடிக்கும் பழக்கம் நல்ல பழக்கம்.

இன்னும் சில எச்சரிக்கைகள். கோப்பியை ஒரே நாளில் விட்டால் தலைவலியும் சோர்வும் வரும். நாளுக்கு அரைக் குவளையாகக் குறைத்து வாருங்கள். இனிப்புக்காக அதிமதுரத்தைத் தினமும் போடாதீர்கள், அது இரத்த அழுத்தத்தை ஏற்றும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் இஞ்சியையோ மூலிகைகளையோ தினப் பழக்கமாக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுக்கும் மல்லியும் உங்கள் கடைக்குப் பக்கத்துக் கடையில் மூட்டைமூட்டையாக இருக்கின்றன. பலகையில் ஒரு வரி சேருங்கள்: சுக்கு மல்லி கோசோங். நம் சமூகத்தில் பலர் சர்க்கரை மாத்திரை போடும் காலத்தில் அந்த ஒரு வரி வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி. வாசகர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் கடைக்காரர் அதைப் பலகையில் எழுதுவார்.