‘இதை யார் சொன்னது பெரியப்பா?’ - கேள்வி கேட்கப் பழக்கும் கேரளப் பள்ளிகள்!

காலை ஆறு மணி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ‘குட் மார்னிங்’ பூக்கள் வந்து விழுகின்றன. பின்னாலேயே, ‘அவசரம்! உடனே எல்லோருக்கும் அனுப்பவும்’ என்று ஒரு செய்தி. அனுப்பியவர் பெரியப்பா. ‘இதை யார் சொன்னது?’ என்று அவரிடம் கேட்க யாருக்கும் மனசு வருவதில்லை. விரல் தானாக ஃபார்வர்டு பட்டனுக்குப் போய்விடுகிறது.

இதனால் என்ன ஆகும் என்பதைக் கேரளாவின் கண்ணூர் மாவட்டம் 2017-ல் அனுபவித்தது. குழந்தைகளுக்குத் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்ட நேரம் அது. ஊசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. ‘எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்’ என்று மறுத்த பெற்றோர் ஏராளம்.

அப்போதைய கலெக்டர் மிர் முகமது அலி, இந்த நோய்க்கு மருந்தை வகுப்பறையில் தேடினார். 2018-ல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் வகுப்புகள் நடந்தன. பெயர், ‘சத்யமேவ ஜெயதே’.

மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கு...

அந்தப் பெயரிலேயே மாநில அளவிலான பயிற்சியை, அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான ‘கைட்’ கையில் எடுத்தது. 2022-ல் 5 முதல் 10-ம் வகுப்பு வரை 19 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள். இணையத்தைப் பயன்படுத்துவது, சமூக ஊடகத்தில் எது சரி, எது தவறு, பொய்ச் செய்தியைத் தடுப்பது எல்லாம் அதில் உண்டு.

2024-ல் இன்னொரு படி. 5, 7-ம் வகுப்பு கணினிப் பாடப்புத்தகங்களிலேயே உண்மை கண்டறிதல் இடம்பிடித்தது. இதுதான் முக்கியம். அக்கறையுள்ள கலெக்டர் நாளை வேறு ஊருக்கு மாறிப் போவார். பாடப்புத்தகம் அடுத்த வருடமும் வகுப்புக்கு வரும்.

போனை விடப் பெரிய விஷயம்

‘பிள்ளைகளிடம் போனைக் கொடுக்கலாமா, கூடாதா?’ என்றுதான் நாம் அதிகம் பேசுகிறோம். ஆனால், 2022-ல் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்று ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். தேர்தல் நேரத்தில் அவர்கள் போனுக்கு வரும் வீடியோ அசலா, ஏ.ஐ செய்ததா என்று சொல்ல பக்கத்தில் டீச்சர் இருக்க மாட்டார். அந்தப் பழக்கம் பள்ளியிலேயே வந்திருக்க வேண்டும்.

‘எப்படி சார் தெரியும்?’ என்று மாணவர் கேட்டால் கோபப்படாத ஆசிரியரும், அதற்கு இடம்கொடுக்கும் தலைமை ஆசிரியரும் இல்லாவிட்டால், எத்தனை கம்ப்யூட்டர் வாங்கினாலும் பலனில்லை.

வீட்டிலும் தொடங்கலாம்

* முதலில் சொன்னது யார்? பெயரும் தேதியும் இருக்கிறதா?

* படிக்கும்போதே கோபமோ பயமோ வருகிறதா? பத்து நிமிடம் பொறுங்கள்.

* படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பழைய படம் என்றால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

* மருந்து, தடுப்பூசி என்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

பொய் என்று தெரிந்தால், குரூப்பில் எல்லோர் முன்பும் பெரியப்பாவை மடக்க வேண்டாம். ‘பெரியப்பா, இது பழைய போட்டோவாம், பாருங்க’ என்று தனியாக ஒரு மெசேஜ் போதும். மரியாதையும் குறையாது, பொய்யும் பரவாது!