மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

“டீச்சர், தலை வலிக்குது” என்று ஒரு பிள்ளை வந்து நிற்காத நாள் எந்தப் பள்ளியிலும் இருக்காது. ஆசிரியர் எவரிடமாவது கைப்பையில் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். ஒன்றைப் பாதியாக உடைத்துக் கொடுத்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்வது வழக்கமாக நடப்பதுதான். அக்கறையோடுதான் செய்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை காலையில் வீட்டில் என்ன விழுங்கிவிட்டு வந்தது என்பதை யாரும் கேட்பதில்லை.

எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். காய்ச்சல் என்றாலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. ஒரு மாத்திரையைப் போட்டு, சூடு தணிந்ததும் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். மதியத்துக்கு இன்னொன்றை நோட்டுத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைப்பதும் உண்டு. அது என்ன மாத்திரை என்று கேட்டால், “செட் மாத்திரை டீச்சர்” என்பான் பிள்ளை.

செட் மாத்திரை நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மருந்துக் கடையில் “காய்ச்சலுக்கு ஒரு செட் கொடுங்க” என்றால், அட்டையிலிருந்து கத்தரித்த மூன்று நான்கு மாத்திரைகளைச் சிறு காகித உறையில் போட்டுத் தருவார்கள். கத்தரித்த துண்டில் பெயர் பாதிதான் இருக்கும். காலாவதித் தேதி வேறு துண்டோடு போயிருக்கும். அதில் காய்ச்சல் மாத்திரையும் சளி மாத்திரையும் இருக்கலாம். ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோகூட இருக்கலாம். வாங்கியவருக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. பெயர் தெரியாத மாத்திரையைப் பள்ளியில் பிள்ளை போட விடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பெற்றோருக்குப் போன் செய்து அட்டையோடு வரச் சொல்லலாம். அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகலாம்.

எட்டாம் வகுப்பு அறிவியல் பாடவேளை ஒன்றில், வீட்டில் தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன். மேலே பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர் என்று சொல்லிப் படிக்கவைத்தேன். டோலோ, கால்பால், குரோசின் மூன்றுமே பாராசிட்டமால் என்பது பிள்ளைகளுக்கு வியப்பாக இருந்தது. சளி மாத்திரை அட்டைகள் சிலவற்றிலும் அதே பெயர் வந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்ப காய்ச்சல் மாத்திரையும் சளி மாத்திரையும் சேர்த்துப் போட்டா ஒரே மருந்து ரெண்டு தடவையா டீச்சர்?” ஆமாம். அதிகமாக நேரும் ஆபத்தும் இதுதான். பாராசிட்டமால் அளவோடு இருந்தால் நல்ல மருந்து. அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். முதல் ஒரு நாள் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

அளவைக் கணக்குப் பாடமாகவே நடத்தலாம். குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கு உரிய பாராசிட்டமால் அளவு. இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. 20 கிலோ எடையுள்ள இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 200 முதல் 300 மில்லிகிராம். பெரியவர்கள் போடும் 650 மாத்திரையை முழுதாகக் கொடுத்தால் உச்ச அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. சிரப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 250 உள்ள பாட்டிலும் இருக்கிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். தம்பிக்கு வாங்கிய சொட்டு மருந்தை அண்ணனுக்குக் கரண்டியில் ஊற்றினால் 5 மில்லியில் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். சமையலறைக் கரண்டி வீட்டுக்கு வீடு வேறு; பாட்டிலோடு வரும் அளவு மூடிதான் சரி. இதைப் பெற்றோர் கூட்டத்தில் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இருமல் சிரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். இருமல், சளி மருந்துகளை 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று அதையொட்டி மத்திய சுகாதாரத் துறையும் நினைவூட்டியது. முதல் வகுப்பில் சேரும் பிள்ளை அந்த வயதை அப்போதுதான் கடந்திருக்கும். வீட்டில் அதற்கும் சின்னத் தம்பி தங்கை இருப்பார்கள்.

டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம், இரத்தக்கசிவை அதிகமாக்கும். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைச் சாப்பிடக் கூடாது என்று பொருள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கோட்டைத்தான் வீட்டில் போய் அதிகம் பேசியிருக்கிறார்கள்.

இதெல்லாம் வெளியிலிருந்து வரும் மாத்திரைகள். நாமே வாரந்தோறும் கொடுப்பது இரும்புச்சத்து மாத்திரை. தொடக்க வகுப்புகளுக்கு 45 மில்லிகிராம் இரும்புள்ள இளஞ்சிவப்பு மாத்திரை. ஆறாம் வகுப்புக்கு மேல் 60 மில்லிகிராம் உள்ள நீல மாத்திரை. இரண்டிலும் ஃபோலிக் அமிலமும் உண்டு. கொடுத்தோம், பதிவேட்டில் டிக் போட்டோம் என்று முடித்துவிட்டால், மறுநாள் வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நீல மாத்திரைகள் கிடக்கும். பிள்ளைகளுக்குக் காரணம் இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மறுநாள் மலம் கறுப்பாகப் போனால் பயந்துவிடுவார்கள். இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மதிய உணவுக்குப் பிறகு நம் கண்ணெதிரில் விழுங்கச் செய்தால் எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. உடனே டீ குடித்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டால் நன்றாகச் சேரும். ஒரு ஆசிரியை பிள்ளைகளோடு சேர்ந்து தானும் ஒன்றைப் போட்டுக்கொள்கிறார். என் அறிவுரைகளைவிட அது நன்றாக வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

விடுமுறைக்கு நான்கைந்து வாரத்து மாத்திரைகளை மொத்தமாகக் கொடுத்தனுப்ப நேரும்போது பிள்ளையின் கையில் கொடுக்காமல் பெற்றோரிடம் கொடுப்பது நல்லது. வண்ண மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து ஒரு சின்னக் குழந்தை பல மாத்திரைகளைத் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கவைத்துக் காத்திருக்காமல் உடனே 108க்கு அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறக்காமல் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 நாள்களை ஒட்டிக் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையான அல்பெண்டசோலை மென்று தின்ன வேண்டும். அன்று காய்ச்சலாக இருக்கும் பிள்ளைக்கு, உடல் தேறியபின் விடுபட்டோருக்கான நாளில் கொடுக்கலாம். கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே நுழையும் என்பதால், மாத்திரையோடு செருப்பும் கழிப்பறையும் சோப்பும் சேர்ந்தால்தான் பலன்.

பதினொரு மணித் தலைவலிக்கு வருகிறேன். காலை உணவுத் திட்டம் இருப்பதால் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் சாப்பிட்டிருப்பார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களைக் கேட்டால், “சாப்பிடல டீச்சர்” என்று பலர் சொல்கிறார்கள். பெரிய பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டி வரும் என்று பயம். தாழ்ப்பாள் உடைந்த கழிப்பறைக் கதவைச் சரிசெய்தபின் எங்கள் பள்ளியில் மாலை நேரத் தலைவலிகள் குறைந்தன. சிறுநீர் எரிகிறது என்று மெதுவாகச் சொல்ல வருபவர்களும் குறைந்தார்கள். இதற்கு எந்த மாத்திரையும் தேவைப்படவில்லை. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறதா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கினால் உப்பின் அளவு தவறும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

மருந்து என்றாலே வேண்டாம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் அதுவும் ஆபத்து. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளை, “இப்பதான் வரலையே” என்று நிறுத்தினால் வலிப்பு திரும்பக்கூடும். சுற்றுலாவுக்கு அழைத்துப்போகும் நாளில் அந்த மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலரைப் பத்திரம் என்று தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டினால், விளையாட்டு வேளையில் மூச்சு முட்டும்போது சாவி தேட நேரம் இருக்காது. எங்கள் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதைப் புத்தகப் பையின் முன் அறையில் வைத்திருக்கிறான். உடற்கல்வி ஆசிரியருக்கும் அவன் பக்கத்தில் உட்காரும் இரண்டு நண்பர்களுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.