மையச் செயலகத்தில் யாருக்கு முதல் முறை?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள செடெனாக், நெடுங்காலம் தோட்டத்துறையால் மட்டுமே அறியப்பட்ட ஊர். ஜொகூர் கார்ப்பரேஷன் குழுமத்தைச் சேர்ந்த கூலிம் நிறுவனத்தின் செம்பனைத் தோட்டமும் எண்ணெய் ஆலையும் அங்கு உண்டு. அதே குழுமத்தின் நில மேம்பாட்டுப் பிரிவு உருவாக்கிய செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவில் இப்போது பிரின்ஸ்டன் டிஜிட்டல் குரூப், யோண்டர் ஆகிய நிறுவனங்களின் தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. பிரின்ஸ்டன் வளாகம் ஒன்றுக்கே திட்டமிடப்பட்ட மின்திறன் 150 மெகாவாட். உலகெங்கும் இத்தகைய மையங்களில் உள்ள சேவையகங்களில் பெரும்பாலானவற்றை இயக்குவது லினக்ஸ் ஆகும். கெர்னல் எனப்படும் அதன் கருநிரல்தான், வீட்டு மேசையில் கிடக்கும் பத்தாண்டுப் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவப்பட்டால் அதையும் இயக்குகிறது. ஒரே கருநிரல் இவ்விரண்டுக்கும் பொருந்துவது பெரிய சாதனைதான் என்றாலும், தரவு மையத்திற்கு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வேலை முடிந்தது என்பதும், மடிக்கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்குச் சுட்டெலியை அசைத்த கணத்தில் திரை அசைந்ததா என்பதும் முக்கியமாக இருப்பதால், ஒன்றுக்கு நல்லதாக அமையும் ஏற்பாடு மற்றொன்றுக்கும் நல்லதாக அமையும் என்று சொல்ல முடியாது.

கணினியின் மையச் செயலகத்தில் இருக்கும் ஒவ்வொரு கருவும் ஒரு நேரத்தில் ஒரு பணியை மட்டுமே செய்கிறது. இயங்க விரும்பும் பணிகளோ பல வேளைகளில் கருக்களைவிட மிகுதியாக இருக்கக்கூடும் என்பதால், எந்தப் பணி, எந்தக் கருவில், எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று கருநிரலின் ஒரு பகுதி இடைவிடாமல் முடிவு செய்துகொண்டிருக்கிறது. அந்தப் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர். ஏரிப் பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதை இதற்கு ஒப்பிடலாம். வளர்ந்த பயிருள்ள வயல் தன் பங்கு நீரை ஒரே முறையில் பெற்றுக்கொண்டு பல நாள் காத்திருக்கும். நாற்றங்காலுக்குத் தேவைப்படும் நீர் சிறிதே என்றாலும் அது தவறாமல், அடிக்கடி வந்தாக வேண்டும். கணினியில் ஒலியும் ஒளிக்காட்சியும் விசைப்பலகையும் நாற்றங்கால் போன்றவை. கோப்புகளைச் சுருக்குதல், நிரலைத் தொகுத்தல் போன்ற நீண்ட கணக்கீடுகள் வளர்ந்த பயிருள்ள வயல் போன்றவை.

சீரான இயக்கம் என்பது வேகத்திலிருந்து வேறுபட்டது என்பதற்கு ஒரு சிறு கணக்கே சான்று. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு சட்டகத்தையும் வரைந்து முடிக்கக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. நூறு சட்டகங்களில் 99 நேரத்தோடு வந்து, ஒன்று மட்டும் பிந்தினால் சராசரி அநேகமாக மாறாது. ஆனால் பார்ப்பவரின் கண்ணுக்கு ஏறத்தாழ 1.7 விநாடிக்கு ஒரு முறை படம் திக்கும். ஒரு பணியை மாற்றி மற்றொன்றைக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் வீணாவதோடு, மையச் செயலகத்தின் விரைவு நினைவகத்தில் சேர்ந்திருந்த தரவும் பயனற்றுப் போகக்கூடும் என்பதால், அடிக்கடி முறை மாற்றினால் திக்கல் குறையும், மொத்த வேலையும் குறையும். மொத்த வேலையைக் காசாக எண்ணும் பெருநிறுவனங்களே கருநிரல் வளர்ச்சிக்குப் பெரும்பகுதி ஊதியம் அளித்துவந்த சூழலில், மேசைக் கணினிப் பயனரின் தரப்பை எடுத்துச் சொல்ல ஒருவர் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது.

அவ்வாறு வந்தவர் ஆஸ்திரேலியாவின் மயக்கவியல் மருத்துவர் கான் கோலிவாஸ். நிரலாக்கத்தைத் தொழிலாகக் கொள்ளாத அவர், தம் கணினி அழுத்தத்தில் திணறுவதைப் பொறுக்காமல் கருநிரலைத் திருத்தத் தொடங்கினார் என்பதும், திருத்துவதற்கு முன் அளக்க வேண்டும் என்று உணர்ந்து அளவுகோல்களையும் தாமே எழுதினார் என்பதும் இத்துறையின் வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க செய்திகள். அவருடைய இன்டர்பெஞ்ச் என்னும் சோதனை நிரல், ஒலி, ஒளிக்காட்சி, திரைவரைவு, விளையாட்டு ஆகியவற்றைப் போல நடிக்கும் பணிகளை இயக்கி, பின்னணியில் தொகுத்தல், வட்டில் எழுதுதல் போன்ற சுமைகளை ஏற்றி, ஒவ்வொன்றும் எத்தனை மில்லி விநாடி காத்திருந்தது, கெடுவை எத்தனை விழுக்காடு தவறவிட்டது என்று பதிவு செய்தது. ‘மெதுவாக இருப்பதுபோல் தோன்றுகிறது’ என்ற முறையீடு எண்ணாக மாறியது அப்போதுதான். 2007ஆம் ஆண்டு அவர் முன்வைத்த நேர்மைப் பங்கீட்டுக் கருத்து வலுவாக இருந்தும், அவருடைய நிரலுக்கு மாற்றாகக் கருநிரல் நிரலாளர் இங்கோ மோல்னார் எழுதிய சிஎஃப்எஸ் என்னும் ஷெட்யூலரே அவ்வாண்டு அக்டோபரில் 2.6.23 பதிப்பில் இடம்பெற்றது. நேர்மையான பங்கீடு சாத்தியம் என்று காட்டியவர் என மோல்னார் அவரைக் குறிப்பிட்டிருந்தாலும், கோலிவாஸ் கருநிரல் பணியிலிருந்து விலகினார். 2009இல் அவர் திரும்பி வந்து வெளியிட்ட பிஎஃப்எஸ், எல்லாக் கருக்களுக்கும் ஒரே வரிசையை வைத்துக்கொண்ட எளிய ஆக்கம். ஆயிரக்கணக்கான கருக்கள் கொண்ட இயந்திரத்திற்கு அது பொருந்தாது என்பதை அவர் மறைக்கவில்லை, வீட்டுக் கணினிக்கு அத்தனை கருக்களைத் தாங்கும் திறன் தேவையில்லை என்பதே அவர் வாதம்.

இவ்வரலாற்றில் இந்தியாவின் பங்கு அதிகம் பேசப்படுவதில்லை. சிஎஃப்எஸ் பணிகளைத் தனித்தனியாகவே எண்ணியதால், ஐம்பது இழைகளாக, அதாவது ஐம்பது தனிப் பணிகளாக, ஓடும் ஒரு நிரல் ஐம்பது பங்கு நேரத்தைப் பெற்றுவிடும். ஒரே இழையில் ஓடும் ஒளிக்காட்சிக்கு ஒரு பங்கே மிஞ்சும். பெங்களூரில் ஐபிஎம் நிறுவனத்தின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் பணியாற்றிய ஸ்ரீவத்ச வத்தகிரி, பணிகளைக் குழுக்களாகத் தொகுத்து, முதலில் குழுக்களுக்கிடையிலும் பின்னர் குழுவிற்குள்ளும் நேரத்தைப் பங்கிடும் முறையை எழுதினார். 2007ஆம் ஆண்டைக் குறித்து அவர் பெயர் சிஎஃப்எஸ்ஸின் மூலக் கோப்பின் தலைப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. பல வாடிக்கையாளர்கள் ஒரே சேவையகத்தைப் பகிரும் சூழலுக்குப் பெரிதும் உதவிய இவ்வேற்பாட்டின் மீதே, 2010இன் இறுதியில் மைக் கால்பிரெய்த் சில நூறு வரிகளே கொண்ட ஒரு திருத்தத்தை அமைத்தார். ஒரு முனையச் சாளரத்தில் தொடங்கிய வேலைகள் அனைத்தும் தானாகவே ஒரு குழுவாக, அதற்கு வெளியே தொடங்கிய உலாவி வேறொரு குழுவாக நின்று சமப் பங்கு பெற்றன. கனத்த தொகுத்தல் ஓடும்போதும் ஒளிக்காட்சி தடையின்றி ஓடியது. 2011 மார்ச்சில் வெளிவந்த 2.6.38 பதிப்பிலிருந்து இது கருநிரலின் அங்கம்.

2023 அக்டோபரில் வந்த 6.6 பதிப்பில், பீட்டர் சைல்ஸ்ட்ரா சிஎஃப்எஸ்ஸின் தேர்வு முறையை மாற்றி, 1995இல் அயன் ஸ்டோய்க்கா, ஹுசைன் அப்தெல்வஹாப் ஆகியோர் வகுத்த ஈஈவிடிஎஃப் என்னும் வழியைப் புகுத்தினார். ஒவ்வொரு பணிக்கும் ஒரு கற்பனைக் கெடு குறிக்கப்படும். சிறு சிறு துண்டுகளாக நேரம் கேட்கும் பணிக்குக் கெடு முந்தி வரும். ஆனால் அதன் மொத்தப் பங்கு கூடாது.

இவை அனைத்தையும்விடச் சோதனையாளர்களுக்குப் பெரிய விடுதலை அளித்தது, 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஷெட் எக்ஸ்ட் என்னும் ஏற்பாடு. அதற்கு முன் புதிய ஷெட்யூலரைச் சோதிக்க முழுக் கருநிரலையும் தொகுத்து, கணினியை மீண்டும் தொடக்க வேண்டியிருந்தது. பிழை இருந்தால் கணினியே உறைந்துவிடும். இப்போது டெஜுன் ஹியோ, டேவிட் வெர்னெட் முதலியோரின் உழைப்பால், கருநிரலுக்குள் பாதுகாப்பாக இயங்கும் பிபிஎஃப் என்னும் சிறு நிரல் வடிவில் ஷெட்யூலரை எழுதி, ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே ஏற்றவும் இறக்கவும் இயலும். ஓடத் தயாரான பணி ஒன்று அதிகபட்சம் 30 விநாடிக்குள் முறை பெறாவிட்டால், காவல் பொறி அந்தச் சோதனை ஷெட்யூலரை நீக்கிவிட்டு வழக்கமான ஷெட்யூலரை மீட்டுவிடுகிறது. வால்வ் நிறுவனத்தின் கைக்கருவியான ஸ்டீம் டெக்கில் விளையாட்டுகள் திக்காமல் ஓடுவதற்காக இகாலியா நிறுவனத்தின் சாங்வூ மின் எழுதிய லாவ்ட் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஒரு பணி எத்தனை முறை பிறரால் எழுப்பப்படுகிறது, எத்தனை முறை பிறரை எழுப்புகிறது என்று கவனித்து, சங்கிலியின் நடுவில் நிற்கும் பணியைத் தாமதிக்கக் கூடாதது என்று அது தானே கண்டுகொள்கிறது. கைக்கருவிக்காகப் பிறந்த இதை மெட்டா நிறுவனப் பொறியாளர்கள் தங்கள் சேவையகங்களுக்கும் எடுத்துக்கொண்டனர். வீட்டுப் பயனரின் காத்திருப்பைக் குறைக்கும் முயற்சி ஓரங்கட்டத்தக்க ஆசை அல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸுடன் இணைத்துத் தரப்பட்டது. அத்தகைய சிறு கணினிகளில்தான் ஷெட்யூலரின் நல்லதும் கெட்டதும் தெளிவாக வெளிப்படும். பதினாறு கருக்கள் ஓய்வாக இருக்கும் கணினியில் எந்த ஷெட்யூலரும் நன்றாகவே தோன்றும். ஆகவே சோதனைக்கு முதலில் தேவை சுமை: எல்லாக் கருக்களையும் நிரப்பும் ஒரு தொகுத்தல் வேலையைப் பின்னணியில் ஓடவிட்டு, முன்னணியில் ஒளிக்காட்சியையோ விளையாட்டையோ இயக்கி, சட்டக நேரங்களைப் பதிவு செய்து, சராசரியை விட்டுவிட்டு மோசமான நூற்றில் ஒரு பங்கைப் பார்க்க வேண்டும். கருநிரல் பதிப்பு மாறக் கூடாது. மின்னேற்றி இணைந்திருக்க வேண்டும். மின்சிக்கனத்திற்காகக் கருக்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பையும் ஒரே நிலையில் நிறுத்த வேண்டும், இல்லையெனில் அளக்கப்படுவது ஷெட்யூலரா மின்சிக்கனமா என்று பிரித்தறிய இயலாது. கணினி சூடேறினால் வேகம் குறையும் என்பதால் ஒப்பிடப்படும் இரண்டு ஷெட்யூலர்களையும் மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுவதே நேர்மையான முறை. கண்ணால் மட்டும் தீர்ப்பு சொல்வதானால், எது ஓடுகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாதபடி வீட்டில் இன்னொருவர் மாற்றிவைக்க வேண்டும்; புதியது என்று அறிந்த உடனே அது சீராக ஓடுவதாகத் தோன்றுவது மனித இயல்பு.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒன்றைச் சரிபார்ப்பது நல்லது. 2018இல் 4.20 பதிப்பிலிருந்து, பணிகள் எதற்காகக் காத்திருந்து நேரத்தை இழக்கின்றன என்பதை மையச் செயலகம், நினைவகம், வட்டு என்று தனித்தனியாகக் கருநிரல் கணக்கிட்டுக் காட்டுகிறது. திரை திக்கும் வேளையில் உயர்வது மையச் செயலகத்தின் எண்ணானால் புதிய ஷெட்யூலர்களைச் சோதிப்பதில் பயன் உண்டு. உயர்வது நினைவகத்தின் எண்ணானால், பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் நேர்வது இதுவே, எந்த ஷெட்யூலரையும் ஏற்றிப் பார்ப்பதற்கு முன் நினைவகத்தைக் கூட்டவோ, உலாவியில் திறந்து கிடக்கும் பக்கங்களைக் குறைக்கவோ வேண்டும்.