வில்லங்கச் சான்று சொல்லாதவை

தூத்துக்குடிக் கரையோரம் ஒரு மனை என்ன விலைக்குப் போகும் என்பதில் நிலவுக்கும் பங்கு உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் நிலவும் பூமியோடு ஒரே நேர்க்கோட்டில் நின்று இழுப்பதால் கடல் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறுகிறது. அப்போது நீர் எட்டும் உச்ச எல்லையைத்தான் சட்டம் கரையின் விளிம்பாக எடுத்துக்கொள்கிறது. மன்னார் வளைகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் சரிவு குறைந்த மணற்கரையில் ஒரு சாண் நீர் உயர்ந்தாலே பல அடி உள்ளே வந்துவிடும். அந்த விளிம்பிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 2019ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, ஊர்ப்புறக் கரையில் மக்கள் நெருக்கத்தைப் பொறுத்து முதல் 50 மீட்டரிலோ 200 மீட்டரிலோ பொதுவாகப் புதுக் கட்டடம் கூடாது.

இது எதுவும் வில்லங்கச் சான்றில் வராது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் வரிசைதான் அந்தச் சான்று. பதிவாகாத உயில் அதில் இல்லை. யார் இறந்தார், வாரிசு யார் என்பதும் இல்லை.

வாரிசு விஷயத்தில் இந்தக் கரை அபூர்வமானது. 1530களில் கத்தோலிக்கம் தழுவிய பரதவர் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: உயில் எழுதாமல் கணவர் இறந்து பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகனுக்கும் மகளுக்கும் சமமாக. இந்துக் குடும்பமாக இருந்தால் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தந்த 1989, 2005 திருத்தங்களைப் பார்த்தாக வேண்டும். காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களிலோ மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். இஸ்லாமியச் சட்டப்படி வாய்மொழியாகக் கொடுத்து, மகள் ஏற்று, வீட்டை ஒப்படைத்துவிட்டால் அந்தத் தானம் செல்லும். பதிவேட்டில் ஒரு வரிகூட இராது, உரிமையோ கைமாறியிருக்கும்!

விற்பவருக்கு எதற்கு வக்கீல் என்று கேட்பவர்கள் உண்டு. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியவராத குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. மறைத்தால் மோசடி. பத்திர எழுத்தர் பத்திரத்தைச் சுத்தமாக எழுதித் தருவார். உரிமையை ஆராய்வது அவர் வேலையல்ல. வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியின் வக்கீல் வங்கிக்காகப் பார்ப்பவர்.

அதனால், விற்கும் உங்களுக்கென்று ஒரு வக்கீல் வேண்டும்; கட்டணத்தைக் கேட்பதற்கு முன் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். தாய்ப்பத்திரமும் பட்டாவும் கேட்பது எல்லோரும் செய்வது. உங்கள் தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள், அத்தைமார் கையெழுத்துப் போட்டார்களா, சர்வே எண் கடலோர மண்டல வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று துருவுகிறவரே நம்பத்தக்கவர்.

முன்பணம் வாங்கும் முன்பே அவரைப் பாருங்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவானதும் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். பேரம் முறிந்தாலும், முறையாக ரத்தாகும்வரை அடுத்தவர் வாங்கத் தயங்குவார்.